நாரில் கட்டிய நிறங்கள்

பூந்தோட்டத்தில் எந்த நிறத்துக்குப் பக்கத்தில் எந்த நிறம் என்ற யோசனையே ஐரோப்பியர் கொண்டுவந்தது என்று பலர் நம்புகிறார்கள். நம் முன்னோர் பூசைக்குப் பூ வளர்த்தார்கள், கொண்டைக்குப் பூ வளர்த்தார்கள், நிறப் பொருத்தம் பார்த்து யாரும் பாத்தி கட்டவில்லை என்பது அவர்கள் வாதம். பாத்தியைப் பற்றி அவர்கள் சொல்வது பெரும்பாலும் சரி. ஆனால் அதிலிருந்து நமக்கு மலர் நிறங்களை இணைக்கும் கலையே இல்லாமல் போனது என்று முடிவு கட்டுவதை ஏற்க முடியாது. அரியலூர் மாவட்டத்தின் தெற்கு விளிம்பில், கொள்ளிடத்தின் வடகரையை ஒட்டிய தா.பழூர் வட்டாரத்தையும் அதன் அக்கம்பக்கத்தையும் எடுத்துக்கொண்டு பழைய சான்றுகளை வரிசையாகப் பார்த்தால், நிறத்தேர்வு இங்கே ஆயிரம் ஆண்டுகளாக நடந்திருக்கிறது என்பது தெரியும். நாம் அதைத் தேடியது மண்ணில். அது நடந்தது வாழைநாரில்.

இந்த வட்டாரம் இரண்டு மண்களின் எல்லை. வடக்கே ஜெயங்கொண்டம், உடையார்பாளையம் பக்கம் செம்மண் மேடு. முந்திரி விளையும் நிலம். தெற்கே ஆற்றை நோக்கி இறங்க இறங்க வண்டல். நெல்லும் கரும்பும் வாழையும். நீர் வடியும் செம்மண்ணில் மல்லிகை சுகப்படும். தண்ணீர் நிற்கும் பள்ளத்தில் தாமரையும் அல்லியும் குவளையும் தாமே வரும். பூக்கட்ட வேண்டிய நாரை வாழைக்கொல்லை தரும். வடகிழக்கே முதலாம் ராஜேந்திரன் 1025ஆம் ஆண்டை ஒட்டித் தலைநகராக்கிய கங்கைகொண்ட சோழபுரம். மேற்கே ஆற்றோரமாகவே போனால் பாடல் பெற்ற திருமழபாடி. கிழக்கே கோடாலிக்கருப்பூர், அந்த ஊர் பூவுக்குப் பேர்போனதல்ல, துணிக்குப் பேர்போனது. ஆனாலும் இந்தக் கதையில் அதற்கு ஓர் இடம் உண்டு.

கங்கைகொண்ட சோழபுரத்துக் கோயிலில் வடபுற வாயிலை ஒட்டிய சண்டேச அனுக்கிரக மூர்த்தியை முதலில் பார்க்கலாம். சிவன் உமையோடு அமர்ந்திருக்கிறான். கீழே கைகூப்பிக் குனிந்திருக்கும் அடியார் சண்டேசரின் தலையில் தன் இரு கைகளாலும் பூச்சரத்தைச் சுற்றுகிறான். அந்தச் சரம் தலையைத் தொட்டுப் படியும் வளைவையும், அதைப் பிடித்திருக்கும் விரல்களையும் சிற்பி அவசரமில்லாமல் செதுக்கியிருக்கிறான். சண்டேசரின் ஊரான திருச்சேய்ஞலூர் ஆற்றுக்கு அக்கரையில், கும்பகோணம் பக்கம் இருக்கிறது. பெரியபுராணத்தின்படி அவருக்குச் சூட்டப்பட்டது சிவனின் சடையிலிருந்த கொன்றை மாலை. ராஜேந்திரன் தனக்கே இறைவன் முடிசூட்டியதாகக் காட்டும் குறிப்பு இது என்று கலை வரலாற்றாளர்கள் சொல்வதுண்டு. அது எப்படியானாலும், கங்கை வரை படை அனுப்பிய பேரரசன் தன் கோயிலில் கண்பார்வை மட்டத்தில் வைக்க இசைந்த உச்சமான அருள்செயல், ஒரு சரத்தைத் தலையில் சுற்றுவது. கொன்றையின் மஞ்சளை எங்கே வைத்துப் பார்த்தார்கள் என்பதற்குத் திருமழபாடியில் சுந்தரர் பாடிய பதிகம் சாட்சி. பொன் நிற மேனி, இடையில் புலித்தோல், மின்னல் போன்ற செஞ்சடை, அந்தச் சிவப்பின்மேல் ஒளிரும் கொன்றை என்று அவர் அடுக்கிக்கொண்டே போகிறார். மரத்தில் தொங்கும் கொன்றையை அவர் பாடவில்லை. சிவப்பின் மேல் வைத்த மஞ்சளைப் பாடுகிறார். தனியாக மஞ்சள் அழகு என்பது யாருக்கும் தெரியும். எதன்மேல் வைத்தால் அது எடுபடும் என்று பார்ப்பது வேறொரு கண்.

இனி நந்தவனம். சோழர் காலக் கல்வெட்டுகள் கோயிலுக்கு விடப்பட்ட திருநந்தவனங்களை, அவற்றுக்கான நிலத்தை, அதில் பாடுபட்டவர்களுக்கு அளந்த நெல்லைத் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. இறைவனுக்குச் சாத்தும் மாலை அவற்றில் திருப்பள்ளித்தாமம். அதே சுவர்களில் நந்தா விளக்குக்கு விட்ட ஆடுகளின் கணக்கும் இருக்கும். பல கல்வெட்டுகளில் ஒரு விளக்குக்கு 96 ஆடு, அவை சாவா மூவாப் பேராடு. பூவையும் விளக்கையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதியிருப்பதை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். பிறகு அதற்குத் திரும்புகிறேன். நந்தவனத்தின் வேலைமுறையை நினைத்தால் ஒரு செய்தி பளிச்சென்று தெரியும். அங்கே பூ செடியில் தங்குவதில்லை. மல்லிகையும் முல்லையும் அரும்பாக இருக்கும்போதே பறிபடும். தாமரையை முழுக்க விரியும் முன் எடுப்பார்கள். அரளியும் நந்தியாவட்டையும் விடியும் நேரத்துக்குக் கூடைக்குப் போய்விடும். வெயில் ஏறியபின் நந்தவனத்துக்குள் போகிறவர் பார்ப்பது பச்சைச் செடிகளை. பறிக்கத் தவறிய பூக்கள்தான் அங்கே நிறம் காட்டும். அது தோட்டக்காரருக்குக் குறை, பெருமை அல்ல. இப்படிப்பட்ட தோட்டத்தில் பாத்திக்குப் பாத்தி நிறம் பொருத்துவதற்குக் காரணமே கிடையாது. பறிக்க எளிது, தண்ணீர் பாய்ச்ச எளிது என்று ஒரே செடியை ஒரே பாத்தியில் வைப்பதுதான் அறிவு. ஆகவே பழைய நந்தவனத்தின் தரையில் நிற ஒழுங்கு தெரியவில்லை என்பது நிறத்தைப் பற்றி அவர்கள் யோசிக்கவில்லை என்பதற்குச் சான்றாகாது. அந்தத் தோட்டத்தின் முடிந்த வடிவம் வேலிக்கு உள்ளே இல்லை.

அந்த வடிவம் எங்கே உருவானது என்பதைச் சேக்கிழார் திருப்புகலூர் முருக நாயனாரின் கதையில் துல்லியமாக எழுதியிருக்கிறார். நாயனார் விடியுமுன் எழுந்து நீராடிப் போய் கோட்டுப்பூ, நிலப்பூ, நீர்ப்பூ, கொடிப்பூ என்று நால்வகையும் பறிக்கிறார். பறித்தவற்றை வெவ்வேறு கூடைகளில் இடுகிறார். பிறகு தனியிடத்தில் உட்கார்ந்து கோவை, இண்டை, கண்ணி, பிணையல், தொங்கல் என்று வகைவகையாகத் தொடுக்கிறார். இதில் வெவ்வேறு கூடை என்பதைச் சாதாரணமாகக் கடந்துவிடக் கூடாது. எல்லாவற்றையும் ஒரே கூடையில் போட்டால் பறிக்கும் வேலை பாதியாகும். பிரித்து வைப்பதற்குக் காரணம், தொடுக்கும்போது எந்தப் பூவுக்கு அடுத்து எந்தப் பூ என்று தேர்ந்தெடுக்க வேண்டியிருப்பது. ஓவியன் வண்ணங்களைத் தனித்தனிக் கிண்ணத்தில் கரைத்து வைத்துக்கொள்வதும் அதே காரணத்துக்காகத்தான். பன்னிரண்டாம் நூற்றாண்டுக் கவிஞர் ஒரு பூத்தொண்டரின் சிறப்பைச் சொல்ல இந்த விவரங்களைத் தேர்ந்தார் என்றால், கேட்டவர்களுக்கு அந்த வேலையின் நுட்பம் தெரிந்திருந்தது என்று பொருள்.

அந்த நுட்பம் இன்னும் அழியவில்லை. எந்த ஊர்க் கோயில் வாசலிலும் கதம்பம் கட்டும் கைகளைக் கொஞ்சம் கவனித்தால் போதும். நனைத்துக் கிழித்த வாழைநாரின் ஒரு முனை கால் கட்டைவிரலிலோ ஆணியிலோ நிற்கிறது. இரண்டு மல்லிகை அரும்பு இடப்பக்கம், இரண்டு வலப்பக்கம், காம்புகள் நடுவில். நார் ஒரு சுற்று சுற்றி, வளையமாகி, இறுகுகிறது. இப்படி நாலைந்து கண்ணி வெள்ளை. அடுத்து ஒரு சிட்டிகை மரிக்கொழுந்து. அதன் பிறகு கனகாம்பரம் இரண்டு கண்ணி. மறுபடி பச்சை, மறுபடி வெள்ளை. கனகாம்பரத்தின் செம்மஞ்சளை வெள்ளையோடு நேராக மோதவிடாமல் நடுவில் பச்சை வைப்பதைக் கவனியுங்கள். மணமில்லாத கனகாம்பரத்துக்கு மரிக்கொழுந்து மணம் கொடுக்கிறது என்பது ஒரு பயன். கண்ணுக்கு அது இரண்டு நிறங்களுக்கும் எல்லை கட்டுகிறது என்பது இன்னொரு பயன். வெள்ளை அதிகம், அழுத்தமான நிறம் கொஞ்சம், பச்சை அதைவிடக் கொஞ்சம் என்ற அளவும் கைக்குத் தெரியும். பெரிய மாலைகளிலும் இதே இலக்கணம்தான். திருவில்லிபுத்தூரில் ஆண்டாளுக்குச் சூட்டி, பிரம்மோற்சவத்துக்குத் திருமலைக்கு அனுப்பும் மாலையில் செவ்வந்தியின் மஞ்சள், விருட்சியின் சிவப்பு, சம்பங்கியின் வெள்ளை, துளசியும் மருவும் தரும் பச்சை என நான்கு நிறங்களும் அதனதன் இடத்தில் நிற்கும். பெரியாழ்வாரின் நந்தவனத்து ஊரில் இது தற்செயலாக வந்ததல்ல.

ஏன் இந்த நான்கு நிறங்கள்? வானத்தின் கீழே எத்தனையோ நிறப் பூக்கள் இருக்க, வெள்ளை, மஞ்சள், சிவப்பு, பச்சை ஆகியவையே மாலையை ஆள்வதற்கு என்ன காரணம்? விளக்கையும் பூவையும் கல்வெட்டு ஒன்றாக எழுதியதில் இதற்கு விடை இருக்கிறது என்பது என் கருத்து. மாலை பார்க்கப்பட்ட இடம் கருவறை. பகலிலும் இருள், எண்ணெய் ஏறிக் கறுத்த கல் திருமேனி, நெய் விளக்கின் மஞ்சள் ஒளி. அந்த ஒளியில் நீலக் கூறு மிகக் குறைவு. ஆகவே நீலமும் ஊதாவும் அங்கே கருமையாகிவிடும். கல்லோடு கல்லாய் மறையும். வெள்ளை பொன்னாகத் தெரியும், மஞ்சள் ஒளிரும், சிவப்பு கனலும். பச்சை மங்கி, இந்த மூன்றுக்கும் இடைவெளியாக ஒதுங்கும். எட்ட நின்று ஒரு நிமிடம் பார்க்கும் பக்தரின் கண்ணுக்கு மாலை தெரிய வேண்டுமென்றால் வேறு தேர்வே இல்லை. நீலப் பூக்களை விலக்கிவிட்டார்கள் என்று இதற்குப் பொருளில்லை. குவளையும் சங்குப்பூவும் அர்ச்சனைக்கு உதிரியாகப் போயின, போகின்றன. கையில் எடுத்துப் பாதத்தில் இடும் பூவுக்குத் தூரப் பார்வை தேவையில்லை. மார்பில் தொங்கும் மாலைக்குத் தேவை.

இதற்கு உடனே ஒரு மறுப்பு வரும். இதெல்லாம் சாத்திர விதி, இதில் அழகுணர்ச்சி எங்கே வந்தது என்பார்கள். சிவனுக்கு வில்வம், பெருமாளுக்குத் துளசி, பிள்ளையாருக்கு எருக்கு, அம்மனுக்கும் முருகனுக்கும் செவ்வரளி, சிவனுக்குத் தாழம்பூ ஆகாது என்று விதிகள் இருப்பது உண்மை. பதினாறாம் நூற்றாண்டில் திருவாரூர் கமலை ஞானப்பிரகாசர் பூசைக்குரிய பூக்களைப் பற்றியே புட்பவிதி என்று ஒரு நூல் எழுதினார். ஆனால் விதி எந்தப் பூ ஏற்றது, எது விலக்கு என்று சொல்கிறது. ஏற்ற பூக்களில் எதை எதற்குப் பக்கத்தில் வைப்பது, எத்தனை கண்ணிக்கு ஒரு நிறம் மாற்றுவது என்பதைக் கட்டுகிறவரின் கையில் விட்டுவிடுகிறது. வேலி போட்டால் உள்ளே நடக்கும் வழி முடிவாகிவிடாது. கல்வெட்டுகள் நிறத்தைப் பற்றி வாய் திறக்கவில்லையே என்ற மறுப்புக்கும் பதில் இதைப் போன்றதே. அவை நிலமும் நெல்லும் கூலியும் எழுதிய கணக்கு ஆவணங்கள். அமுதுபடிக்கு எத்தனை நாழி அரிசி என்று எழுதிய அதே கல்வெட்டு பொங்கலின் ருசியைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. அந்தக் கோயில்களில் ருசியில்லாமல் சமைத்தார்கள் என்று யாரும் வாதிடுவதில்லை.

இன்னும் வலுவான மறுப்பு ஒன்று இலக்கியத்திலிருந்து வரும். மணிமேகலையில் உவவனம் வருகிறது. பலநிறப் பூக்கள் நிறைந்த அந்த வனம், கைதேர்ந்த கலைஞர்கள் சித்திரம் தீட்டிய துணியால் போர்த்தது போலத் தோன்றியது என்கிறார் சாத்தனார். அப்படியானால் தோட்டத்தின் தரையிலேயே நிறக் கலவையை ரசித்திருக்கிறார்களே? ரசித்திருக்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் மணிமேகலை அங்கே போனது எதற்கு? கண்ணீர் பட்டுத் தூய்மை இழந்த மாலைக்குப் பதிலாக வேறு மாலை தொடுக்கப் பூப்பறிக்க. கவிஞருக்கு அந்தத் தோட்டத்தைப் புகழ நினைவுக்கு வந்ததும் கைவினை. இயற்கை கலந்து வைத்ததை, மனிதக் கை கலந்து வைத்ததன் அளவுகோலால் அளக்கிறார். நிறக் கலவையின் உச்சம் என்று அவர் மனத்தில் இருந்தது ஓவியத் துணி.

அந்த ஓவியத் துணிதான் இந்த வட்டாரத்தின் இன்னொரு பெருமை. கோடாலிக்கருப்பூரில் தஞ்சை மராட்டிய அரச குடும்பத்துக்கென்று நெய்த சேலைகளும் தலைப்பாகைகளும் இந்திய நெசவு வரலாற்றில் தனி இடம் பெற்றவை. மெல்லிய பருத்தியில் பொன் சரிகையை இடையிட்டுப் பூ வடிவங்களாக நெய்து, அதன்பின் மெழுகால் கோடும் இடமும் காத்து, சாயத்தில் தோய்த்தெடுப்பார்கள். மங்கிய சிவப்பு, காவிப் பழுப்பு, கறுப்பு ஆகியவை தரை. அவற்றுக்கு அடியிலிருந்து சரிகைப் பொன் எட்டிப் பார்க்கும். பகல் வெளிச்சத்தில் அடக்கமாக இருக்கும் அந்தச் சேலை அரண்மனை விளக்கொளியில் மினுங்கும்படி அமைந்தது. இருண்ட தரையில் பொன், சிவப்பின் அருகில் பொன். திருமழபாடிப் பதிகத்தில் செஞ்சடையில் கொன்றை நின்ற அதே சேர்க்கை. ஒரே ஆற்றோரத்தில் இருந்த இரண்டு ஊர்களில் ஒரே சேர்க்கை சொல்லிலும் துணியிலும் கிடைப்பது ஒன்றிலிருந்து ஒன்று பிறந்ததற்கு ஆதாரம் ஆகாது. விளக்கொளியில் பார்த்துப் பழகிய ஒரு சமூகத்தின் கண் ஒரே மாதிரித் தேர்ந்தது என்பதற்கு ஆதாரம் ஆகும். 1855இல் இரண்டாம் சிவாஜி இறந்து தஞ்சை அரசு முடிந்ததும் கருப்பூர்த் துணியை வாங்கிவந்த அரண்மனையும் போயிற்று. தொழில் நலிந்து, இன்று அருங்காட்சியகங்களில் மட்டும் அந்தத் துணிகள் மிஞ்சியிருக்கின்றன. கோயில் இருந்ததால் மாலை பிழைத்தது. அரசன் போனதால் சேலை போயிற்று.

ஐரோப்பாவிலும் நிறப் பொருத்தம் முதலில் நெசவு நூலிலிருந்துதான் தோட்டத்துக்குப் போனது. பாரிஸின் கோப்லான் திரைச்சீலைத் தொழிற்கூடத்தில் சாயப் பிரிவை நடத்திய மிஷெல் ஷெவ்ரோல் என்ற வேதியியலாளரிடம் கறுப்பு நூல் எடுபடவில்லை என்று புகார் வந்தது. சாயத்தில் குறையில்லை, பக்கத்து நூலின் நிறம்தான் கறுப்பைக் கெடுக்கிறது என்று அவர் கண்டார். 1839இல் வந்த அவருடைய புத்தகத்தில் அந்த விதியைப் பூந்தோட்டத்துக்கும் பொருத்தினார். இங்கிலாந்தில் கெர்ட்ரூட் ஜெக்கில், ஓவியப் பயிற்சி பெற்றவர், 1908இல் பூந்தோட்ட நிறங்களைப் பற்றியே நூல் எழுதி, சாம்பல் நீலத்தில் தொடங்கிச் சிவப்பில் உச்சம் எட்டி மறுபடி நீலத்தில் தணியும் நீண்ட பாத்திகளை அமைத்தார். அது பெரிய சாதனைதான். ஆனால் அங்கே பூ செடியிலேயே நின்று வாடும். பனிமூட்ட நாட்டின் மென்வெளிச்சத்தில் பகலில் பார்க்கப்படும். அந்த நிலைமைக்கு அது சரி. நம் நண்பகல் வெயிலில் ஜெக்கிலின் வெளிர்நீலம் வெளுத்துப்போகும்.

கடைசியாக ஒரு மறுப்பு: இன்றைய மாலையில் இருப்பவை பாதி வெளிநாட்டுப் பூக்கள், பிறகு மரபு எங்கே? செண்டுமல்லியும் சம்பங்கியும் மெக்சிகோவிலிருந்து வந்தவை, வாடாமல்லியும் அமெரிக்கப் பூ, சாமந்தி கிழக்காசியா. ஐரோப்பியக் கப்பல்கள் அமெரிக்காவைக் கண்டபின் வந்தவை இவற்றில் பல. ஆனால் வந்த பூக்கள் எங்கே உட்கார்ந்தன என்று பாருங்கள். கொன்றையும் செண்பகமும் நின்ற மஞ்சள் இடத்தில் செண்டுமல்லி. முல்லையும் மல்லிகையும் கிடைக்காத மாதங்களில் வெள்ளை இடத்தில் சம்பங்கி. செங்கழுநீர் குளங்கள் தூர்ந்தபோது அந்தச் சிவப்பைக் கோழிக்கொண்டையும் ரோஜாவும் ஏற்றன. செடி மாறியது, நிறத்தின் இடம் மாறவில்லை. வெளியிலிருந்து வந்த ஒவ்வொரு பூவையும் ஏற்கெனவே இருந்த வரிசையில் அமர்த்திக்கொள்ளும் அளவுக்கு அந்த வரிசை உறுதியாக இருந்தது. இல்லாத மரபால் இதைச் செய்திருக்க முடியாது.

இன்று கங்கைகொண்ட சோழபுரத்துக் கோயிலைச் சுற்றித் தொல்லியல் துறை பராமரிக்கும் புல்வெளி இருக்கிறது. 2004இல் உலகப் பாரம்பரியச் சின்னமான கோயிலுக்கு அது சுத்தமான சூழலைத் தருகிறது. அதற்கு நன்றி சொல்ல வேண்டும். ஆனாலும் புல்லிலிருந்து ஒரு முழம் பூ வராது. பல ஊர்க் கோயில்களில் நந்தவனம் என்ற பெயர்ப்பலகைக்குப் பின்னால் குரோட்டன்சும் காகிதப்பூவும் நிற்கின்றன. மாலைக்குப் பூ சந்தையிலிருந்து வருகிறது. தா.பழூர் வட்டாரத்திலும் வேறெங்கும் நந்தவனத்தைத் திரும்ப உண்டாக்க நினைக்கும் அறங்காவலர்களுக்கும் ஊராருக்கும் ஒரு வேண்டுகோள். செடி வாங்க நாற்றுப்பண்ணைக்குப் போகுமுன் உங்கள் கோயிலுக்கு மாலை கட்டுகிறவரைக் கூப்பிட்டு உட்காரவையுங்கள். எந்த மாதத்தில் எந்த நிறத்துக்குப் பூ கிடைக்காமல் திண்டாடுகிறார் என்று கேளுங்கள். மார்கழியில் எது குறைகிறது, ஆடியில் எது, பச்சைக்கு மருவா மரிக்கொழுந்தா, அரும்பாகப் பறிப்பது எது, விடிந்தபின் பறிப்பது எது என்று அவர் சொல்வதை எழுதிக்கொள்ளுங்கள். அதன்படி பாத்தி கட்டுங்கள்.